எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன்: காற்றாலை இட விதிகளும் ஊர்க் கருத்தும்

காற்றாலையை எங்கே நிறுத்தலாம், வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும் என்ற உள்ளூர் விதிச் சண்டை எந்த நாட்டில் நடந்தாலும் கடைசியில் ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்கிறது. ஒரு தரப்பு 500 மீட்டர் போதும் என்கிறது. மறுதரப்பு 2 கிலோமீட்டருக்குக் குறைந்தால் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்கிறது. பேரம் படிந்து, நடுவில் ஏதோ ஓர் எண் விதியாகிவிடும். அந்த எண்ணை வைத்து ராத்திரி சத்தம் எவ்வளவு இருக்கும், சன்னலில் எத்தனை மணி நேரம் சுற்றும் இறக்கைகளின் நிழல் ஆடும், ஊரில் எத்தனை ஏக்கர் மிஞ்சும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மக்கள் மீட்டரைக் கேட்பதற்குக் காரணம், அவர்கள் கையில் வேறு அளவுகோல் கொடுக்கப்படவில்லை என்பதுதான். அவர்களுக்கு வேண்டியவை தூக்கம், நிழல் தொல்லை இல்லாத வீடு, முடிவெடுக்கும் முன் தங்களையும் ஒரு வார்த்தை கேட்பது. இந்த மூன்றையும் விதியில் நேரடியாகவே எழுதலாம்.

முதலில் கருத்து எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், காற்றாலையிலிருந்து 5 மைலுக்குள் (ஏறக்குறைய 8 கிலோமீட்டர்) வசிக்கும் 1,700-க்கும் மேற்பட்டவர்களிடம் நாடு தழுவிய ஆய்வு நடத்தியது. 57 சதவீதம் பேர் சாதகமாகப் பேசினார்கள். பாதகமாகப் பேசியவர்கள் 8 சதவீதம்தான். ஆனால் அரை மைலுக்குள் இருப்பவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் பாதகமானவர்கள் ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடுகிறார்கள். முதல் எண்ணை நிறுவனங்கள் தூக்கிப்பிடிக்கும், இரண்டாவதை எதிர்ப்பாளர்கள் தூக்கிப்பிடிப்பார்கள். இரண்டுமே உண்மை. விதி எழுதுகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை. விதி காப்பாற்ற வேண்டியது அந்த அரை மைலுக்குள் இருப்பவர்களைத்தான். 7 கிலோமீட்டர் தள்ளியிருப்பவரின் ஆதரவு அவர்கள் தூக்கத்துக்கு ஈடாகாது.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. திட்டமிட்ட முறை நியாயமாக இருந்தது என்று நினைத்தவர்கள் பெரும்பாலும் காற்றாலையையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தூரத்தை மட்டும் வைத்து ஒருவரின் மனநிலையைச் சொல்லிவிட முடியவில்லை. கனடா சுகாதாரத் துறை 2014-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடியது. ஆனால் காற்றாலையால் நேரடி வருமானம் பெற்ற வீடுகளில் எரிச்சல் குறைவாக இருந்தது. தூக்கக் குறைபாடு, தலைவலி, தலைச்சுற்றல் போன்றவற்றுக்கும் சத்த அளவுக்கும் அந்த ஆய்வில் தொடர்பு தென்படவில்லை. இதை வைத்து "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. எரிச்சல் என்பதே உண்மையான பாதிப்பு. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பவரிடம் சராசரியைக் காட்டிப் பயனில்லை.

கருத்து காலத்தோடு மாறுவதும் உண்டு. திட்டம் வருவதற்கு முன் ஆதரவு அதிகம், இடம் குறித்து விண்ணப்பம் போட்டதும் சரிகிறது, ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மறுபடி ஏறுகிறது. இந்தக் குழிவான வளைவைப் பல ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு விலைகளை ஆராய்ந்த ஓர் ஆய்விலும் இதே வடிவம் தெரிந்தது. 1 மைலுக்குள் இருந்த வீடுகளின் விலை, அறிவிப்பு வெளியான பிறகு சுமார் 11 சதவீதம் இறங்கி, ஆலை ஓடத் தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பியது. அதுவும் மக்கள்தொகை மிகுந்த மாவட்டங்களில் மட்டும்தான். கிராமப்புற மாவட்டங்களில் அப்படி ஒரு வீழ்ச்சி தெரியவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரியாமல் இருக்கும் காலம்தான் மக்களை அதிகம் வாட்டுகிறது. விண்ணப்பம் வந்த பிறகு விதி எழுத உட்காரும் ஊர், அந்த வளைவின் அடிமட்டத்தில் நின்று எழுதுகிறது.

மீட்டரின் கணக்கு

இடைவெளியை இரட்டிப்பாக்கினால் காற்றாலைக்குக் கிடைக்கும் நிலம் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு வீட்டைச் சுற்றி 500 மீட்டர் என்றால் விலக்கப்படும் பரப்பு 0.79 சதுர கிலோமீட்டர். 1,000 மீட்டர் என்றால் 3.14. 2,000 மீட்டர் என்றால் 12.57. வீடுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் பகுதியில் இந்த வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, 1,000 மீட்டருக்கு மேல் போனாலே வரைபடத்தில் ஆலை நிறுத்த இடமுள்ள வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட மிஞ்சாத நிலை வந்துவிடும். விதியை வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன் இந்த வரைபடத்தைப் போட்டுக் கூட்டத்தில் மாட்டுவது கட்டாயமாக இருக்க வேண்டும். மறைமுகத் தடையாகத்தான் அது இருக்கப் போகிறது என்றால், ஊர் அதைத் தெரிந்தே முடிவு செய்யட்டும்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2014-ல் 10ஹெச் என்ற விதியைக் கொண்டுவந்தது: வீட்டிலிருந்து நுனி உயரத்தின் பத்து மடங்கு தூரம். இறக்கை செங்குத்தாக நிற்கும்போது தரையிலிருந்து அதன் முனை வரையுள்ள அளவுதான் நுனி உயரம். 200 மீட்டர் ஆலைக்கு 2 கிலோமீட்டர். போலந்து 2016-ல் அதே பத்து மடங்கை நாடு முழுக்க வைத்தது. இரண்டு இடத்திலும் புதிய அனுமதிகள் அருகிப்போயின. போலந்து 2023-ல் 700 மீட்டருக்கு இறங்கி வந்தது. பவேரியா 2022-ல் காட்டு நிலம், நெடுஞ்சாலை ஓரம் போன்ற இடங்களுக்கு 1,000 மீட்டர் என்று தளர்த்தியது. உயரத்தோடு கட்டிப்போட்ட விதிக்கு இன்னொரு கெட்ட விளைவு உண்டு. உயரமான, பெரிய ரோட்டார் (இறக்கைகள் சுழலும் வட்டம்) கொண்ட ஆலை அதே மின்சாரத்தைக் குறைந்த எண்ணிக்கையில் தரும். உயரத்துக்குத் தண்டனை கொடுத்தால் குட்டை ஆலைகள் எண்ணிக்கையில் பெருகும். அதிக எண்ணிக்கை என்றால் அதிகச் சாலை, அதிக அஸ்திவாரம், அதிகப் பேருடைய சன்னல்.

எங்கிருந்து எதுவரை அளப்பது என்று எழுத மறப்பது சகஜம். டவரின் மையத்திலிருந்தா, இறக்கையின் முனையிலிருந்தா? 160 மீட்டர் ரோட்டாரில் இதற்கே 80 மீட்டர் வித்தியாசம். வீட்டுச் சுவர்வரையா, நில எல்லைவரையா? சுவர்வரை என்றால், நிலம் கொடுக்காத அண்டை வீட்டுக்காரர் பிற்காலத்தில் தன் காலி நிலத்தில் வீடு கட்ட முடியாமல் போகலாம். அதனால் இரண்டு தனித்தனி எண்கள் வேண்டும். எல்லைக்கு நுனி உயரத்தின் 1.1 மடங்கு (கோபுரம் சாய்ந்தாலும் அடுத்தவர் நிலத்தில் விழாது), வீட்டுக்கு அதைவிடப் பெரியது. அமெரிக்காவில் இல்லினாய், மிச்சிகன் இரண்டு மாநிலங்களும் 2023-ல் இயற்றிய சட்டங்களில் எல்லைக்கு 1.1 மடங்கு, நிலம் தராதவர் வீட்டுக்கு 2.1 மடங்கு என்று வைத்தன. குளிர்நாடுகளில் இறக்கையில் உறையும் பனிக்கட்டி எகிறி விழும் தூரத்தையும் பார்க்க வேண்டும். டவர் உயரத்தையும் ரோட்டார் விட்டத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குவது வழக்கம். 120 மீட்டர் டவர், 150 மீட்டர் ரோட்டார் என்றால் 405 மீட்டர். பாதுகாப்புக்குத் தேவையான தூரம் பெரும்பாலும் இந்த அளவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கேட்கப்படுவதெல்லாம் சத்தத்துக்காகவும் பார்வைக்காகவும்.

சத்தம்

இன்றைய பெரிய ஆலையின் ஒலித்திறன் ஏறத்தாழ 104 முதல் 107 டெசிபல். இது ஆலை வெளியிடும் மொத்தத்தின் அளவு. வீட்டில் கேட்பது வேறு. தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 106 டெசிபல் ஆலை ஒன்று 500 மீட்டரில் சுமார் 41, 1,000 மீட்டரில் 35. தரைப் பிரதிபலிப்பையும் காற்று உறிஞ்சுவதையும் விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது. இப்போது எண்ணிக்கையைச் சேருங்கள். ஒரே தூரத்தில் ஆலை இரட்டித்தால் 3 டெசிபல் கூடும், ஐந்தானால் 7, பத்தானால் 10. அதாவது 1,000 மீட்டரில் ஐந்து ஆலைகள் இருக்கும் வீட்டுக்கும் 500 மீட்டரில் ஒரே ஆலை இருக்கும் வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம். வெறும் மீட்டரை மட்டும் சொல்லும் விதிக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009-ல் குறைந்தபட்சம் 550 மீட்டர், வீட்டில் 40 டெசிபல் என்று வைத்து, கூடவே ஓர் அட்டவணையும் போட்டது. 102 டெசிபல் ஆலை ஐந்துவரை இருந்தால் 550 மீட்டர். 106-107 டெசிபல் ஆலைகள் 11 முதல் 25வரை இருந்தால் 1,500 மீட்டர். தொழில்நுட்ப அளவில் நல்ல விதி. ஆனால் அதே சட்டம் இடம் தீர்மானிக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களிடமிருந்து பறித்து மாகாணத்திடம் கொடுத்தது. விளைவு என்ன? பல நகராட்சிகள் "நாங்கள் விருப்பத்தோடு இடம் தருகிறவர்கள் அல்ல" என்று தீர்மானம் போட்டன. 2018-ல் ஆட்சி மாறியதும் 700-க்கும் மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின் ஒப்பந்தங்கள் ரத்தாயின, அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது. கணக்கு சரியாக இருந்தும், கேட்காமல் எழுதப்பட்டதால் விதி நிற்கவில்லை.

டெசிபல் வரம்பு வைத்தாலே பாதுகாப்பு வந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். மிச்சிகன் சட்டம் வீட்டுச் சுவரில் ஒரு மணி நேரச் சராசரியாக 55 டெசிபலை அனுமதிக்கிறது. 180 மீட்டர் உயர ஆலைக்கு 2.1 மடங்கு என்றால் 378 மீட்டர். அங்கே ஓர் ஆலையின் சத்தம் 43 முதல் 44 வரைதான் இருக்கும். அதே தூரத்தில் பத்து ஆலை வீட்டைச் சூழ்ந்து நின்றால்கூட 54-ஐத் தாண்டாது. யாராலும் மீற முடியாத வரம்பு யாரையும் காப்பாற்றாது. ஜெர்மனியில் இரவு வரம்பு கிராமக் கலப்புப் பகுதிக்கு 45, பொதுக் குடியிருப்புக்கு 40, தூய குடியிருப்புக்கு 35. இரவுக்கென்று தனி எண், இடத்துக்கேற்ற எண். எனக்குக் கேட்டால், வீட்டுக்கு வெளியே இரவில் 40 என்பதே பேசத் தொடங்க வேண்டிய இடம்.

இரவைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூரியன் மறைந்ததும் தரை குளிர்ந்து, கீழே காற்று அடங்கிவிடும். மேலே 100 மீட்டருக்கு அப்பால் காற்று ஓயாமல் வீசும். ஆலை முழு வேகத்தில் சுற்றும், வீட்டருகே இலைகூட அசையாது. பகலில் மரங்களின் சலசலப்பு மூடிமறைத்த சத்தம் அப்போது தெளிவாகக் கேட்கும். அதோடு ஒவ்வோர் இறக்கையும் இறங்கும்போது வரும் "வ்வூஷ்... வ்வூஷ்" என்ற ஏற்றயிறக்கம். சீரான சத்தத்துக்குப் பழகும் காது இந்த ஏற்றயிறக்கத்துக்குப் பழகாது. தரையிலிருந்து 10 மீட்டர் உயரக் காற்றை மட்டும் வைத்துச் சத்தத்தைக் கணித்த அறிக்கைகள் இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகின்றன. "அறிக்கையில் 38 போட்டிருந்தார்கள், எங்கள் வீட்டில் தூங்க முடியவில்லை" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை.

ஆகவே விதியில் எழுத வேண்டியவை: கணிப்பு ஐஎஸ்ஓ 9613-2 (வெளியில் ஒலி பரவுவதைக் கணக்கிடும் சர்வதேசத் தரம்) முறைப்படி, எல்லா ஆலைகளும் உச்ச ஒலித்திறனில் ஓடுவதாக வைத்து, வீடு காற்றின் போக்குத் திசையில் இருப்பதாக வைத்து, 2 டெசிபல் பாதுகாப்பு ஒதுக்கீட்டோடு. ஒலித்திறன் எண் உற்பத்தியாளர் உத்தரவாதம் தந்ததாக இருக்க வேண்டும், விளம்பரத் தாளில் இருப்பதல்ல. ஓடத் தொடங்கி ஓராண்டுக்குள் சோதனை அளவீடு. அது சும்மா ஒரு மாலையில் மைக்கை நட்டுவிட்டுப் போவதாக இருக்கக் கூடாது. இரவில், மேலே பலத்த காற்றும் மைக் அருகே மெல்லிய காற்றும் உள்ள நேரமாகப் பார்த்து, ஆலைகளை ஓடவிட்டு 10 நிமிடம், நிறுத்திவிட்டு 10 நிமிடம் என்று மாற்றி மாற்றி அளந்தால்தான் பின்னணியைக் கழித்து ஆலையின் பங்கைச் சொல்ல முடியும். ஆலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அனுமதி நிபந்தனையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனம் நிறுத்த மாட்டேன் என்றுவிடும், அளவீடு பாதியில் நின்றுவிடும். வரம்பைத் தாண்டினால் வழி இருக்கிறது. இறக்கையின் பின் விளிம்பில் ரம்பப் பல் போன்ற பட்டையை ஒட்டினால் 2-3 டெசிபல் குறையும். இரவில் இறக்கைக் கோணத்தை மாற்றி வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். இரண்டாவதில் மின் உற்பத்தி போகும். அந்த இழப்பு யாருக்கு என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும்.

நிழலும் சிவப்பு விளக்கும்

நிழலாட்டப் பிரச்சினை சத்தத்தைவிடச் சுலபமாகத் தீரக்கூடியது. சூரியனின் பாதை முன்கூட்டியே தெரியும் என்பதால் எந்த வீட்டில் எந்த நாளில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று நிமிடக் கணக்கில் சொல்லிவிடலாம். ஜெர்மனியில் மேகமே இல்லாத மோசமான கணக்குக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்பது வரம்பு. நிழல் விழும் நேரத்தில் ஆலையைத் தானே நிறுத்தும் கருவி பொருத்தினால் உண்மையான நிழல் ஆண்டுக்கு 8 மணி நேரம். விதியில் 30 என்று மட்டும் போட்டு, அது மேகமற்ற கணக்கா உண்மைக் கணக்கா என்று சொல்லாமல் விட்டால், வழக்கு நிச்சயம். வலிப்பு வரும் என்ற அச்சம் கூட்டங்களில் அடிக்கடி எழும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் நிமிடத்துக்கு 36 சிமிட்டல், நொடிக்கு ஒன்றுகூட இல்லை. வலிப்பைத் தூண்டும் வேகம் நொடிக்கு 3-க்கு மேல். இந்த அச்சத்தை ஏளனம் செய்யாமல், கணக்கைப் போட்டுக் காட்டினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள்.

இரவு முழுக்க மினுக்கும் சிவப்பு விளக்கு, தொலைவில் இருப்பவர்களின் முதல் புகார். விமானம் நெருங்கும்போது மட்டும் எரியும் விளக்கமைப்பை விதியிலேயே கட்டாயமாக்கிவிடலாம், ஜெர்மனி ஆக்கியிருக்கிறது. குறைந்த செலவில் அதிக நல்லெண்ணம் கிடைப்பது இதில்தான்.

கேட்கும் முறை

பொதுக்கூட்டத்தை வைத்து ஊர்க் கருத்தைக் கணிக்கக் கூடாது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று மைக் கொடுத்தால் வருகிறவர்கள் கடும் எதிர்ப்பாளர்களும், குத்தகைப் பணம் பெறப்போகிறவர்களும்தான். வாடகை வீட்டில் இருப்பவர், இரவு வேலை பார்ப்பவர், இரு தரப்பிலும் உறவினர் இருப்பதால் வாயைத் திறக்காதவர், இவர்கள் யாரும் வர மாட்டார்கள். வீடு வீடாகக் கேள்வித்தாள் அனுப்பி, விடைகளை 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 3, 3 முதல் 10 என்று பிரித்துக் காட்ட வேண்டும். "காற்றாலையை ஆதரிக்கிறீர்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள், அதனால் பயனில்லை. "220 மீட்டர் உயர ஆலை ஆறு, உங்கள் வீட்டிலிருந்து 800 மீட்டர், இரவில் 40 டெசிபல், ஆண்டுக்கு இவ்வளவு தொகை, ஏற்பீர்களா" என்று கேட்க வேண்டும்.

படம் காட்டும்போதும் கவனம் தேவை. அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் ஆலை குட்டியாகத் தெரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு நிகரான கோணத்தில் எடுத்து, ஏ3 தாளிலாவது அச்சிட்டு, எவ்வளவு தூரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தாளிலேயே போட வேண்டும். கட்டிய பிறகு "படத்தில் இவ்வளவு பெரிதாக இல்லையே" என்ற ஒரு வாக்கியம் பத்தாண்டு நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். இங்கிலாந்து 2015-ல் கொண்டுவந்த நிபந்தனைப்படி, உள்ளூர் மக்கள் எழுப்பிய கவலைகள் முழுவதும் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஓரிருவரின் ஆட்சேபமே திட்டத்தை நிறுத்தப் போதுமானதாகிவிட்டது. அரசே நடத்திய கருத்துக்கணிப்புகளில் நிலக் காற்றாலைக்குப் பெரும்பான்மை ஆதரவு இருந்த காலம் அது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. எல்லோரையும் கேட்பதும் ஒருவருக்கு ரத்து அதிகாரம் கொடுப்பதும் ஒன்றல்ல.

பணத்தைப் பற்றிப் பேசத் தயங்கக் கூடாது. டவர் நிற்கும் நிலத்துக்காரருக்கு ஆண்டுதோறும் குத்தகை, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் மட்டும் என்றால் ஊர் இரண்டாகும். டென்மார்க் நுனி உயரத்தின் நான்கு மடங்கு இடைவெளியோடு, 2009 முதல் 2020 வரை திட்டப் பங்கில் குறைந்தது 20 சதவீதத்தை அக்கம்பக்கத்தவருக்கு விற்க முன்வர வேண்டும் என்று வைத்திருந்தது. வீட்டு மதிப்பு இறங்கினால் ஈடும் உண்டு. ஜெர்மனியில் 2.5 கிலோமீட்டருக்குள் உள்ள உள்ளாட்சிகளுக்கு ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 0.2 யூரோ சென்ட் கொடுக்க வழி இருக்கிறது. பங்கு வாங்கப் பணம் இல்லாதவருக்கு டென்மார்க் முறை உதவாது, அதனால் வீடுவாரியாக, தூரத்துக்கேற்ற ஆண்டுத் தொகையே நியாயம் என்பது என் கருத்து. அதை வாங்குவதால் புகார் செய்யும் உரிமை போகாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இடைவெளியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறவர்களின் பத்திரம் நில ஆவணத்தில் பதிவாக வேண்டும். பதியாவிட்டால் பிறகு அந்த வீட்டை வாங்குகிறவர் ஒன்றும் தெரியாமல் மாட்டிக்கொள்வார்.

புகார்ப் பதிவேடு சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் விதியின் உயிர் அதில் இருக்கிறது. தேதி, மணி, காற்றுத் திசை, என்ன மாதிரிச் சத்தம் என்று புகார்தாரர் எழுதட்டும். அந்த நேரத்து ஆலையின் வேகம், காற்று, உற்பத்திப் பதிவுகளை நிறுவனம் குறித்த நாட்களுக்குள் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எந்தத் திசைக் காற்றில், எந்த ஆலை தொல்லை என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆலைகளை, சில காற்று நிலைகளில் மட்டும் மெதுவாக ஓட்டினாலே தீர்ந்துவிடுகிறது.

கடைசியாக, அகற்றுவதும் மாற்றுவதும். அகற்றும் செலவுக்கு வைப்புத்தொகையை, பழைய இரும்பு விலையைக் கழிக்காமல் கணக்கிட்டு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை திருத்த வேண்டும். இரும்பு விலையைக் கழித்துக் காட்டினால் தொகை சுருங்கிவிடும், விலை சரியும் ஆண்டில் ஊர் தலையில் விழும். அஸ்திவாரத்தை எத்தனை மீட்டர் ஆழம்வரை எடுக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 20-25 ஆண்டு கழித்துப் பழைய ஆலையை எடுத்துவிட்டு அதே இடத்தில் இரண்டு மடங்கு உயர ஆலை வைக்க விண்ணப்பம் வரும். அதைப் பராமரிப்பு என்று எடுத்துக்கொள்வதா, புதிய அனுமதியா? நுனி உயரமோ ஒலித்திறனோ கூடினால் புதிய அனுமதி, புதிய அளவீடு, வீடு வீடாகப் புதிய கேள்வித்தாள் என்று முதல் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.